ஸ்னோமொபைல் ஐடில்ல ஓடாம நின்னுடுதா? ஸ்க்ரூவ தொடுறதுக்கு முன்னாடி இத எல்லாம் பாருங்க

கயித்த இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, த்ராட்டில லேசா அமுக்கி வச்சிட்டே இருந்தா ஓடுது, கட்டைவிரல எடுத்த அடுத்த செகண்டு பொட்டுனு நின்னுடுது. கார்பரேட்டர் வண்டி வச்சிருக்கவங்களுக்கு சீசன் ஆரம்பத்துல இந்த தலைவலி ஒரு தடவையாவது வந்திருக்கும். உடனே எல்லாரும் பண்ற வேலை என்னன்னா திருப்புளிய எடுத்து ஐடில் ஸ்க்ரூவ உள்ள முறுக்கி ரேஸ் ஏத்தி விடுறது. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. வண்டி நிக்காம ஓடும்தான், ஆனா எதனால நின்னுச்சோ அந்த கோளாறு உள்ளயே இருக்கும், அது மிக்ஸ்சர் லீன் ஆனதால, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாததால வந்ததா இருந்தா டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் ஜாம் ஆகுற வரைக்கும் போயிடும். ரேஸ் ஓவரா வச்சா கிளட்ச் பெல்ட்ட கவ்வ ஆரம்பிச்சு வண்டி தானா நகரப் பாக்கும், அது அதவிட ஆபத்து.

நான் பாத்த வரைக்கும் ஐடில் பிரச்சனை பெரும்பாலும் ரெண்டே இடத்துல இருந்து வருது. ஒண்ணு, பைலட் ஜெட் (ஐடிலுக்கு பெட்ரோல் விடற குட்டி ஓட்டை போட்ட பித்தளை துண்டு) அடைச்சிருக்கும். இல்லன்னா எங்கயோ வழியில்லாத வழியில காத்து உள்ள போகும். ட்யூனிங்ங்கறது கடைசி வேலை. இங்க நான் சொல்றது மிக்குனி வி.எம். மாதிரி ஸ்லைடு கார்புக்கு (த்ராட்டில அமுக்கினா உள்ள ஸ்லைடுங்கற தடுப்பு மேல தூக்கி காத்துக்கு வழி விடற கார்பரேட்டர்), ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒரு கார்பு இருக்கற வண்டிக்கு.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க. த்ராட்டில் மூடினதுல இருந்து கால்வாசி திறக்கற வரைக்கும் பெட்ரோல் குடுக்கறது முக்கியமா பைலட் ஜெட்டும், அதோட கலக்கற காத்த கூட்டிக் குறைக்கற ஏர் ஸ்க்ரூவும். நடுவுல நீடில் (ஸ்லைடோட சேந்து மேல போற ஊசி), முக்காலுக்கு மேல மெயின் ஜெட். அதனால ஐடில் சரியில்லன்னு மெயின் ஜெட்ட மாத்தறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

வண்டி என்ன பண்ணுதுன்னு கவனிச்சாலே பாதி விடை கிடைச்சிடும். சோக் போட்டா ஓடுது, சோக்க எடுத்தா நிக்குதுன்னா லீன், அனேகமா பைலட் ஜெட் அடைப்பு. த்ராட்டில ஒரு தட்டு தட்டி விட்டா ரேஸ் கீழ இறங்காம மேலயே தொங்கி நின்னு மெதுவா இறங்குதுன்னா காத்து லீக், இல்லன்னா ஸ்லைடு முழுசா கீழ வரல. ஐடில்ல ஓட ஓட மந்தமாகி, புகை கக்கி, கடைசில நின்னு, பிளக்க கழட்டி பாத்தா கருப்பா ஈரமா இருக்குன்னா ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். அதுக்கு சோக் வழிய மூடற பிளஞ்சர் சரியா உக்காராம இருக்கலாம், ஃப்ளோட் (கார்பு கிண்ணத்துல பெட்ரோல் மட்டத்த காக்கற மிதவை) லெவல் ஏறியிருக்கலாம், கிண்ணத்துக்கு பெட்ரோல் வர வழிய மூடற நீடில் வால்வு கசியலாம்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜாக்கிரதை விஷயம். மூடின ரூம்ல இன்ஜின ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டி பின்பக்கத்த ஸ்டாண்டுல தூக்கி வச்சா ட்ராக்குக்கு பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. பெல்ட் கார்ட கழட்டிட்டு ஓட்டக்கூடாது. லிக்விட் கூல்டு வண்டின்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல பனி அடிச்சாதான் ஆறும், கராஜுக்குள்ள ரொம்ப நேரம் ஓட விட்டா சூடாகிடும், வெளிய பனியில வச்சே ட்யூன் பண்ணுங்க.

ஸ்டெப் 1, கார்ப கழட்டி சுத்தம் பண்றது. பெட்ரோல் லைன கழட்டுங்க, ஏர்பாக்ஸ பின்னாடி தள்ளுங்க, ரப்பர் பூட் கிளாம்ப லூஸ் பண்ணினா கார்பு கைல வந்துடும். இடது எது வலது எதுன்னு இப்பவே மார்க் பண்ணிடுங்க. ஏர் ஸ்க்ரூவ கழட்டறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள முறுக்கி, தட்டி நிக்கற வரைக்கும் எத்தனை சுத்து போச்சுன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க, அது உங்க பழைய செட்டிங். இறுக்கி முறுக்காதீங்க, முனை கெட்டுப்போகும். அப்புறம் கார்புக்கு அடியில இருக்கற கிண்ணத்த கழட்டி பாருங்க, வெயில் காலம் பூரா பெட்ரோல வடிக்காம நிறுத்தி வச்ச வண்டின்னா அடியில பிசின் மாதிரி ஒட்டிட்டு இருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஈரத்த இழுத்து வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருக்கும்.

பைலட் ஜெட்டு நடுவுல பெரிய மெயின் ஜெட்டுக்கு பக்கத்துல ஒரு குழிக்குள்ள உள்வாங்கி இருக்கும். பித்தளைங்கறதால சரியான அளவு திருப்புளி இல்லாம கழட்டினா தலை மழுங்கிடும், அளவு திருப்புளி இல்லன்னா வாங்கிட்டு வந்து பண்ணுங்க, அவசரப்பட வேணாம். கழட்டினத வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு கண்ண மூடி பாருங்க. சுத்தமா இருந்தா உள்ள ஊசிமுனை மாதிரி சின்னதா, ஆனா நல்ல வட்டமா வெளிச்சம் தெரியும். நான் கழட்டின ஒரு ஜெட்டுல வெளிச்சம் தெரிஞ்சுது, சரின்னு திருப்பி போட்டுட்டேன், வண்டி அப்பவும் நின்னுச்சு. மறுபடி கழட்டி இன்னொரு ஜெட்டோட சேத்து பிடிச்சு பாத்தப்பதான் அந்த வட்டம் ஒரு பக்கம் பிறை மாதிரி குறைஞ்சிருந்தது தெரிஞ்சுது. அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. கார்பு கிளீனர்ல ஊற வச்சு, காத்தடிச்சு, தேவைப்பட்டா மெல்லிசான நைலான் நாரு விட்டு எடுங்க. ட்ரில் பிட்டு, கம்பி இதெல்லாம் விட்டு குடைஞ்சா ஓட்டை பெருசாகிடும், அதுக்கப்புறம் அந்த ஜெட் நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஜெட்ட மட்டும் இல்ல, அது உக்கார குழி, ஏர் ஸ்க்ரூ போற வழி, கார்பு துவாரத்தோட அடித்தரையில இன்ஜின் பக்கம் இருக்கற குட்டி ஓட்டை எல்லாத்துலயும் கிளீனர் அடிச்சு மறுபக்கம் பீச்சுதான்னு பாருங்க. கண்ணுல படாம பாத்துக்கோங்க, கண்ணாடி போடுங்க. ஃப்ளோட் உயரத்த மேனுவல்ல இருக்கற அளவோட ஒத்து பாருங்க, நீடில் வால்வு முனையில வளையம் மாதிரி தேய்மானம் தெரிஞ்சா மாத்திடுங்க.

ஸ்டெப் 2, ரப்பர் பூட். கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற இந்த ரப்பர சும்மா பாத்தா நல்லாத்தான் இருக்கும், விரலால வளைச்சு பாத்தாதான் வெடிப்பு வாய திறக்கும். எல்லா பக்கமும் வளைச்சு பாருங்க. ஃப்யூவல் பம்புக்கு கிராங்க்கேஸ்ல இருந்து வர பல்ஸ் ட்யூபையும் அதே மாதிரி பாருங்க, அது கிழிஞ்சிருந்தா காத்தும் உள்ள போகும், பம்பும் சரியா அடிக்காது. மாட்டி ஓட்டி பாக்கறப்ப சந்தேகம் இருந்தா ரப்பர் பூட் மேல சாதா தண்ணிய ஸ்ப்ரே பண்ணுங்க, ரேஸ் மாறினா அங்கதான் லீக். எரியற ஸ்ப்ரே எதையும் சூடான இன்ஜின் பக்கம் அடிக்காதீங்க.

ஸ்டெப் 3, ரெண்டு கார்பும் ஒண்ணா தூக்கணும். ஒரு ஸ்லைடு முன்னாடியும் இன்னொண்ணு பின்னாடியும் எழுந்தா எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் ஐடில் ஆடிட்டே இருக்கும். ஐடில் ஸ்க்ரூவால ரெண்டு ஸ்லைடையும் ஒரே உயரத்துக்கு வைங்க, ஒரே ட்ரில் பிட்டோட வழவழப்பான முனைய ரெண்டுக்கும் அடியில மாத்தி மாத்தி விட்டு பாத்தா அளவு தெரிஞ்சிடும். அப்புறம் த்ராட்டில மெதுவா அமுக்கினா ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பணும், கேபிள் அட்ஜஸ்டர்ல சரி பண்ணுங்க. சோக் கேபிளுக்கும் கொஞ்சம் தளர்வு இருக்கணும், இல்லன்னா பிளஞ்சர் லேசா தூக்கியே நிக்கும். முக்கியமான விஷயம், ஆயில் இன்ஜெக்ஷன் வண்டின்னா த்ராட்டில் கேபிள தொட்டதுக்கப்புறம் ஆயில் பம்ப் மார்க் நேரா இருக்கான்னு கட்டாயம் பாருங்க, அது பின்தங்கி இருந்தா இன்ஜினுக்கு ஆயில் குறையும். சில வண்டில த்ராட்டில் சேஃப்டி சுவிட்ச் இருக்கும், கேபிள் தளர்வு தப்பா இருந்தா அதுவே இன்ஜின நிறுத்தும், கார்புல கோளாறுன்னு நினைச்சு ஏமாந்துடுவோம்.

ஸ்டெப் 4, இப்பதான் ட்யூனிங். ஏர்பாக்ஸ மாட்டிட்டுதான் பண்ணணும், அது இல்லாம ஓட்டினா மிக்ஸ்சர் லீன் ஆகிடும். ஏர் ஸ்க்ரூ ரெண்டையும் மேனுவல்ல சொன்ன சுத்துக்கு வைங்க, பொதுவா ஒண்ணுல இருந்து ஒன்றரை சுத்துக்குள்ள இருக்கும். இன்ஜின் நல்லா சூடாகட்டும். ஏர்பாக்ஸ் பக்கம் இருக்கறது ஏர் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா காத்து கூடும், லீன் ஆகும், உள்ள திருப்பினா ரிச். சில கார்புல ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அது ஃப்யூவல் ஸ்க்ரூ, அதுக்கு அப்படியே தலைகீழ். ஒரு கார்ப மட்டும் எடுத்து கால் சுத்து திருப்புங்க, பத்து செகண்டு பொறுங்க, ரேஸ் ஏறுதா இறங்குதான்னு கேளுங்க. ரேஸ் உச்சத்துல நிக்கற இடத்த கண்டுபிடிச்சு அங்கிருந்து ஒரு துளி உள்ள, அதாவது ரிச் பக்கம் விடுங்க. அடுத்த கார்புக்கும் அதே. இப்ப ரேஸ் ஏறியிருக்கும், ரெண்டு ஐடில் ஸ்க்ரூவையும் சமமா வெளிய திருப்பி மேனுவல்ல சொன்ன ஆர்.பி.எம்.முக்கு கொண்டு வாங்க.

அரை சுத்துக்கும் குறைவா உள்ள வச்சாதான் நல்லா ஓடுதுன்னா பைலட் ஜெட் சின்னது, ஒரு சைஸ் பெருசு போடுங்க. ரெண்டரை சுத்துக்கு மேல வெளிய போனா ஜெட் பெருசு, ஒரு சைஸ் குறைங்க. குளிரும் உயரமும் இதுல சேரும். 0 டிகிரில இருக்கற காத்தவிட மைனஸ் 30ல இருக்கற காத்து சுமார் 12 சதவீதம் அடர்த்தி, அதுக்கு பெட்ரோலும் கூட வேணும். மலை மேல போனா காத்து லேசாகும், பெட்ரோல குறைக்கணும். மேனுவல்லயோ ஹூட்டுக்கு அடியிலயோ வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் ஜெட் சார்ட் இருந்தா அத அப்படியே நம்புங்க.

சூடா இருக்கப்ப ஐடில்ல நல்லா ஓடுதுன்னு மூடி வச்சிடாதீங்க, மறுநாள் காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி, சோக்க எடுத்ததுக்கப்புறமும் நிக்காம ஓடுதான்னு பாருங்க. இவ்வளவும் பண்ணி இன்னும் ரேஸ் தொங்குதுன்னா கார்ப விட்டுட்டு கம்ப்ரஷன் பாருங்க, பிரஷர் டெஸ்ட் போட்டு கிராங்க் சீல் கசியுதான்னு பாருங்க, சீல் போன இன்ஜின ஓட்டிட்டே இருந்தா சீக்கிரமே பிஸ்டனும் போயிடும். எல்லாம் சரியா வந்துட்டா ஜெட் நம்பர், ஏர் ஸ்க்ரூ சுத்து, அன்னிக்கு இருந்த குளிரு மூணையும் ஒரு டேப்புல எழுதி ஹூட்டுக்குள்ள ஒட்டிடுங்க, அடுத்த சீசன்ல திருப்புளி எடுக்கறப்ப முதல்ல அதத்தான் தேடுவீங்க.