அரேகா பாம் மஞ்சளாகிறதா? தொட்டியின் அடியைப் பாருங்கள்

போன வாரம் எதிர் வீட்டுத் தம்பி, வீட்டுக்குள் அழகுக்கு வைக்கும் பனை வகையான அரேகா பாமைப் படமெடுத்து அனுப்பினார். "அக்கா, வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு, எல்லா ஓலையும் மஞ்சளாகுது." வெள்ளைப் பீங்கான் தொட்டி. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லக்கா, கூழாங்கல் போட்டிருக்கேன்." நானும் முதல் செடியில் இதையேதான் செய்தேன். வெயிலில் வைக்காதீர்கள், தினமும் ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன். பலரும் செய்கிற மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மஞ்சள் காம்பைப் பார்த்துப் பயப்படுவது

மடகாஸ்கரைச் சேர்ந்த இந்தச் செடிக்குக் காம்பு இயல்பிலேயே மஞ்சள். அறிவியல் பெயரில் வரும் 'லுட்டெசென்ஸ்' என்பதற்கே மஞ்சளாவது என்றுதான் பொருள். அடிமட்டை ஒன்று எப்போதாவது பழுப்பதும் இயல்பே.

ஓட்டையில்லாத தொட்டியில் கூழாங்கல்

கல் போட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், வேர் தப்பிக்கும் என்று நம்புகிறார்கள். மண் அப்படி விடாது. அதன் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடிமண் சொதசொதவென்று ஊறி, இனித் தாங்காது என்ற பிறகுதான் கல்லுக்குள் சொட்டும். சந்தேகம் இருந்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி வடியும். உயரம் குறைந்தால் ஈரம் அதிகம் தங்கும். தொட்டியில் நான்கு அங்குலம் கல் போடுகிறவர் அந்தச் சகதியை நான்கு அங்குலம் மேலே ஏற்றி, வேருக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கிறார். கல்லுக்குள் இறங்கிய தண்ணீருக்கும் போக்கிடம் இல்லை.

என் செடி ஐந்தடி உயரம். மேல்மண் காய்ந்திருந்தது, ஓலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் செடி வாடியதுபோலவே தெரியும். ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்தேன். சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஓர் இழைதான் மிச்சம். குருத்தைத் தொட்டேன், அதுவும் உருவிக்கொண்டு வந்தது. குருத்து போனால் அந்தத் தண்டு அவ்வளவுதான், பக்கத்தில் துளிர்க்காது. இத்தனை வருடம் கழித்தும், கடையில் பீங்கான் தொட்டியோடு கூழாங்கல் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

பீங்கான் தொட்டிதான் வேண்டுமா, சரி. ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதற்குள் இறக்குங்கள். ஊற்றும்போது வெளியே எடுத்து, நன்றாக வடியவிட்டு, அப்புறம் உள்ளே வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட செடியானால் அழுகிய வேரை வெட்டிவிட்டு, தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த புது மண்ணில் நடுங்கள். வெள்ளையாக, கெட்டியாக நாலைந்து வேர் இருந்தாலும் நம்பலாம். தம்பியின் செடியில் இருந்தது.

பாதி மஞ்சளான மட்டையை வெட்டுவது

பொட்டாசியம் குறையும்போது இந்தச் செடி தன் பழைய ஓலையிலிருந்து அதை எடுத்துப் புதிய ஓலைக்குக் கொடுக்கும். அந்தப் பழைய மட்டையை வெட்டினால் அடுத்த மட்டையில் கை வைக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

எதற்கெடுத்தாலும் எப்சம் உப்பு

அது மெக்னீசியம் சல்பேட். பழைய ஓலையின் ஓரம் மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால்தான் அதற்கு வேலை. புது ஓலை வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை, அல்லது மறுபடி வேர்தான்.

ஆர்.ஓ. கழிவு நீர்

ஊற்றாதீர்கள். அத்தனையும் உப்பு.

ஏசிக்கு நேர் எதிரே வைப்பது

காய்ந்த காற்றில் சிலந்திப்பேன் வரும். ஓலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால், ஓலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் அன்றைக்கே துடையுங்கள்.