பழைய ஸ்நெயர் ட்ரம்மின் கிணுகிணுப்பு நின்ற விதம்

கிளிநொச்சியில் எங்கள் தேவாலயத்துப் பழைய பிரிட்டிஷ் ஸ்நெயர் ட்ரம் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுத்தது. எல்லோரும் கீழ்த்தோலோடு ஒட்டியிருக்கும் கம்பிகளையே சந்தேகித்தார்கள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்தேன், சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் லக்குகளுக்குள், அதாவது தோலை இறுக்கும் திருகாணிகள் பொருந்தும் உலோகக் கூடுகளுக்குள், இருக்கும் சுருள்வில்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி, வில்லைச் சுற்றிப் பஞ்சு வைத்தேன். வன்னிப் புழுதி திருகாணிப் புரிகளில் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.

திருகாணி இறுகினால் பலவந்தம் வேண்டாம். அவசரப்பட்டுப் புதியதும் வாங்காதீர்கள்: அமெரிக்க 12-24 அளவுப் புரியுள்ள திருகாணியைப் பழைய பிரிட்டிஷ் புரிக்குள் திருகினால் புரியே அழிந்துவிடும்.

கம்பியைப் பிடிக்கும் கயிறு உக்கியிருந்தது. முல்லைத்தீவில் வாங்கிய நைலோன் வலைநூல் அருமையாய்ப் பொருந்தியது. கம்பிகளைத் தோலோடு சேர்க்கும் நெம்பை ஏற்றி, இறுக்கும் குமிழைத் தளர்த்திவைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் பிறகு இறுக்க இடமிருக்கும்.