காட்டு சஸ்பென்ஸ் நாவல் எழுதுவது எப்படி: அப்பா, மகள், ஒரு நிலா

மூன்று வருடமாக இழுத்த நாவலைப் போன மாதம்தான் முடித்தேன். பத்து வருடமாகப் பேசாத அப்பாவைத் தேடி மகள் சத்தியமங்கலம் காட்டுக்குள் போகிறாள். அவர் அவள் கண்ணில் படாமல் ஒளிகிறார். இதுபோல எழுத நினைப்பவர்களுக்கு என் வழி இது.

முதலில் ஒரு நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். (இதற்கெல்லாம் ஆப் வேண்டாம். நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும்.) இடப்பக்கம், அப்பா மகளுக்குக் கற்றுக்கொடுத்தது. வலப்பக்கம், அதையே அவள் அவர்மேல் திருப்பும் இடம். "பகலில் காற்று மலையேறும், இருட்டினால் இறங்கும், யானைக்கு உன் வாடை போகாத பக்கம் நில்" என்றார் அப்பா. இரவில் அவள் சரிவுக்குக் கீழே உட்காருகிறாள். அவருடைய பீடி வாசம் தானாக இறங்கி வருகிறது. இப்படி ஆறு வரி கிடைத்தால் பாதிக் கதை தயார்.

அடுத்து, வெளியேறும் வழியை அடைத்துவிடுங்கள். சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவு 9 மணிக்கு மேல் வெளியூர் கார் போக முடியாது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சறுக்கியது நிலாவில். பௌர்ணமி இரவு, பன்னிரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் நிலா எழுவதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு அம்மா சிரித்தாள். "சங்கடஹர சதுர்த்திக்கு நிலா வரும்வரை பட்டினி கிடக்கிறவள்டா நான். பௌர்ணமி நிலா பொழுது சாயும்போதே வந்துடுமே?" உண்மைதான். பௌர்ணமிக்குப் பிறகு தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். நாலாம் நாள் சுமார் ஒன்பதரை ஆகிவிடும். சரி, கதையை அந்தச் சதுர்த்தி நாளுக்குத் தள்ளினேன். ஒன்பதுக்குச் சோதனைச்சாவடி மூடுகிறது, ஒன்பதரைக்குத்தான் நிலா. நடுவில் அரைமணி நேரக் கும்மிருட்டு. கிளைமாக்ஸ் அங்கேதான். அதே நேரம் ஊரில் அவளுடைய அம்மா மொட்டை மாடியில் விரதம் முடிக்க வானத்தைப் பார்த்து நிற்கிறாள். அப்பாவைத் தேட வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான்.

பிற்சேர்க்கை: மலைக்காரர் ஒருவர் கமெண்டில் பிடித்துவிட்டார். காலண்டரில் போட்டிருக்கும் நேரம் சமவெளிக்கு. கிழக்கே மலை இருந்தால் நிலா அதைத் தாண்டி வர இன்னும் நேரமாகும். இரண்டாம் பதிப்பு வந்தால் அம்மா மாடியில் நிலாவைப் பார்த்துச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். மகள் இன்னும் இருட்டில்தான் இருப்பாள்.