குரூப்பில் ‘நலமா?’ என்று கேட்டால் போதுமா? டீமோடு ஆளாளுக்குப் பேசும் வழி

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைக்குள் எல்லாம் வந்தது நினைவிருக்கும். போனில் சிக்னல் திரும்பிய அன்று, எங்கள் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘அனைவரும் நலமா?’ என்று போட்டேன். 14 பேரில் 11 பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சூப்பர்வைசர் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, கட்டைவிரல் போட்ட ஒருவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது.

“ஏன் அண்ணாச்சி சொல்லல?”

“எல்லாத்தையுந்தான கேட்டிய, என்னைய கேக்கலையே” என்றார்.

அதற்கப்புறம் நான் பழகிக்கொண்டதுதான் கீழே இருப்பது. புதிதாக டீம் லீடர், சூப்பர்வைசர் ஆனவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஒரு 40 பக்க நோட்டு

ஆளுக்கு ஒரு பக்கம். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எந்த பஸ்ஸில் வருகிறார், எந்த நேரம் போன் எடுப்பார். அவராகச் சொன்னதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது. கடன், நோய், குடும்பச் சண்டை எதுவும் வேண்டாம். நோட்டு அவர் கையிலேயே கிடைத்தாலும் சங்கடம் வரக் கூடாது.

படி 2: கேள்வியில் கவனம்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நெருக்கமாகப் பேச வேண்டும் என்று “எந்த ஊரு? எந்தத் தெரு? உங்க சாஸ்தா எங்க?” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சாஸ்தா என்றால் இங்கே குலதெய்வம். நம்ம பக்கத்தில் இந்த மூன்று கேள்விக்கும் பின்னால் நாலாவது ஒன்று ஒளிந்து நிற்கும். ஜாதியை நினைத்துக் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

வேலையிலிருந்து தொடங்குங்கள். “ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் விட்டா மானூருக்கு பஸ் கிடைக்கா?” பங்குனி உத்திரம் நெருங்கினால், “எத்தனை நாள் லீவு வேணும்?” என்பது போதும். அன்றைக்குப் பாதி ஷிஃப்ட் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடும் என்பது இங்கே எந்த சூப்பர்வைசருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கோயில், யார் யார் போகிறார்கள் என்று அவராகச் சொன்னால் காது கொடுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 3: எது குரூப்பில், எது தனியே

ஷிஃப்ட் மாற்றம், பஸ் நேரம், விடுமுறை எல்லாம் குரூப்பில். தவறைச் சொல்வது தனியே, நேரில். பாராட்டைக் குரூப்பில் போடலாம், ஆனால் ‘சூப்பர் டீம்’ என்று போட்டால் யாருக்கும் ஒட்டாது. ‘மூணாவது மெஷினில் பெல்ட் சத்தம் மாறியதும் உடனே நிறுத்தினீங்களே அக்கா, இல்லேன்னா ராத்திரி முழுக்க லைன் நின்னிருக்கும்’ என்று எழுதிப் பாருங்கள்.

படி 4: பேசும் வார்த்தையில் எழுதுங்கள்

‘தங்களின் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு’ என்று நேரில் பேசுவீர்களா? அப்புறம் எதற்கு எழுதுவது? மூத்தவரை அண்ணாச்சி, அக்கா என்று அழைப்பது சரி. இளையவரை எடுத்த எடுப்பிலேயே ‘ஏல’ என்று கூப்பிடுவதை நெருக்கம் என்று நினைக்காதீர்கள். அவர் உங்களைத் திருப்பி அப்படிக் கூப்பிட முடியாதே! வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்.

படி 5: மறுபடி கேளுங்கள்

டீ நேரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பேர். 14 பேர் என்றால் ஏழு வேலை நாளில் ஒரு சுற்று முடியும். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள், ‘என்ன தப்பு செஞ்சோம்’ என்ற பயத்தோடுதான் வருவார்கள். மெஷின் பக்கத்திலேயே நின்று, “பாப்பாவுக்குப் பரீட்சை எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட காரியம் நடக்கவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “பஸ் விஷயம் மேனேஜர்ட்ட கேட்டேன் அண்ணாச்சி, இந்த மாசம் முடியாதுன்னுட்டாங்க.” இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.

போன ஐப்பசியில் மழை வலுத்த ஒரு ராத்திரி, 14 பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அண்ணாச்சி மூன்றாவது மணிக்கே எடுத்துவிட்டார். “தண்ணி ஒண்ணும் வரல. நீங்க சாப்ட்டியளா?”