கையைத் தூக்கி எழுதிப் பார்த்தீர்களா?

குரோம்பேட்டையில் எனக்குத் தையல் கடை. சித்திரை பிறந்துவிட்டால் கல்யாண ஜாக்கெட்டுகளோடு இன்னொரு கூட்டமும் வந்து சேரும்: தனியார் பள்ளிகளில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல் போகிற பெண்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆள் எடுத்தாக வேண்டும் என்பதால் கத்திரி வெயிலில்தான் இவர்களைக் கூப்பிடுகிறார்கள். கேள்வி கேட்டதோடு விடுவதும் இல்லை. டெமோ கிளாஸ் என்று பதினைந்து இருபது நிமிடம் கரும்பலகை முன்னால் நிற்க வைக்கிறார்கள். பல வகுப்பறைகளில் மின்விசிறி பிள்ளைகளின் தலைக்கு மேல்தான் சுற்றும். ஆசிரியை நிற்கிற இடத்துக்குக் காற்று எட்டாது.

எதைக் கட்டினால் அழகாக இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கி எழுதிப் பார்த்தீர்களா?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. கடை போடுவதற்கு முன், 2001 மே மாதம், ஒரு ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் சாம்பிள் டெய்லர் வேலைக்கு நேர்காணல் போனேன். வான நீலத்தில் பாலியஸ்டர் சேலை, அதே நிறத்தில் ஜாக்கெட். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போய் இறங்கியபோது இரண்டு அக்குளிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீல வட்டம். நேர்காணல் செய்த பெரியவர், அலமாரியின் மேல் தட்டிலிருந்து நூல் கோனை எடுக்கச் சொன்னார். நான் கையைத் தூக்கவில்லை. ஏறி நிற்க ஸ்டூல் கிடைக்குமா என்று தேடினேன். "தோளில் ஏதாவது வலியாம்மா?" என்று அவர் அக்கறையாகவே கேட்டார். வேலை கிடைக்கவில்லை. தையல் தெரியாதவள் என்று சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

கடை போட்டது 2003-இல். அந்த மே மாதக் கடைசியில் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அன்று முதல் நேர்காணல் என்று யார் வந்தாலும் துணியை நனைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

நனைத்துப் பார்ப்பது எளிது. ஜாக்கெட்டின் பக்கத் தையலுக்குள் ஓர் இன்ச் துணி விட்டிருப்போம். ஈர விரலை அங்கே அழுத்தி எடுத்து, வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சாம்பல், வான நீலம், இளம் பச்சை, மஞ்சள் போன்ற வெறும் நிறங்களில் ஈரம் மையைக் கொட்டியது போல் தெரியும். வெள்ளை, சந்தன நிறம், கருநீலம், பொடிப்பூ அச்சு ஆகியவற்றில் அவ்வளவாகத் தெரியாது. கருநீலம் வியர்வையை மறைக்கும். ஆனால் சாக்பீஸ் தூள் பட்டால் காட்டிக்கொடுக்கும். ஆகவே டெமோ கிளாஸுக்கு என் தேர்வு: சந்தன நிறத்திலோ வெளிர் நிறத்திலோ சேலை, பொடிப்பூ அச்சுள்ள ஜாக்கெட். இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். ஈரம் தெரிவது ஜாக்கெட்டில்தான், அதை மட்டும் கவனித்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அதே ஈர விரலை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்தும் பாருங்கள். புதுச் சுங்குடி, அடர் சிவப்பு, மெரூன் எல்லாம் சாயம் விடும். அதனால்தான் நேர்காணலுக்குப் புதுத் துணி வேண்டாம் என்கிறேன். தையல்காரியே இப்படிச் சொன்னால் பிழைப்பு என்ன ஆவது என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். புதிதாகத் தைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்னால் வாருங்கள். துணி, லைனிங் இரண்டையும் நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். நனைக்காத லைனிங் முதல் துவையலில் சுருங்கி, மேல் துணியை இழுத்து, முதுகெல்லாம் சுருக்கமாகிவிடும்.

லைனிங் பருத்தியாக இருக்க வேண்டும். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சின்ன மணியாகத் திரளும். மேலே நூறு ரூபாய்ப் பருத்தி, உள்ளே உருகுகிற லைனிங் என்றால் என்ன பயன்? டூ பை டூ ரூபியா என்ற ஜாக்கெட் துணியாக இருந்தால் வெளிர் நிறம் தவிர மற்றவற்றுக்கு லைனிங்கே வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஆர்ம்ஹோல், அதாவது ஜாக்கெட்டில் கையை இணைக்கிற வட்டம், அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதை இறக்கி வெட்டினால் கை தாராளமாகத் தூக்க வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆர்ம்ஹோல் இறங்கினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுதும் மேலே ஏறும், இடுப்பு தெரியும். அக்குளை ஒட்டி, அழுத்தாமல் வெட்டினால் கை மட்டும் ஏறும், ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே உயரத்தை முக்கால் இன்ச் கூட்டச் சொல்லுங்கள். கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும்.

வியர்வை அதிகம் வருபவர்களுக்கு நான் செய்து தருவது இது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியில் ஐந்து இன்ச் வட்டங்கள் நான்கு வெட்டுவேன். இரண்டிரண்டாக அடுக்கி ஓரம் தைத்துப் பாதியாக மடித்து, மடிப்பு ஆர்ம்ஹோல் தையல் மேல் உட்காரும்படி உள்பக்கம் வைப்பேன். ஒரு பாதி கைப்பக்கம், மறுபாதி உடம்புப் பக்கம். நாலைந்து இடத்தில் ஓட்டுத் தையல். வீட்டுக்கு வந்ததும் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம். கடையில் ஒட்டுகிற பேடு விற்கிறது. எனக்குத் தெரிந்து மே மாதத்தில் அது பாதி வழியிலேயே கழன்றுவிடுகிறது.

சேலையில், கோயம்புத்தூர் கோரா காட்டன் எனக்குப் பிடித்தது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்வதால் எடை குறைவு, கசங்குவதும் குறைவு. நெகமம் சேலையும் நல்லது. செட்டிநாட்டுக் கண்டாங்கி கண்ணுக்கு அழகு, ஆனால் நல்ல கனம். தாம்பரம் ரயிலில் நின்று போகிறவர்களுக்கு அது வேண்டாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் இந்த ரகங்களை ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். கஞ்சி விறைப்பாகப் போடாதீர்கள். வியர்வை பட்டால் கஞ்சி பிசுபிசுக்கும், உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு முறியும். உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ஷேப்வேர் தை மாதத்துக் கல்யாணத்துக்கு.

முந்தானையை மடித்துத் தோளில் ஊக்கு குத்துங்கள். விரித்துவிட்டால் ஒரு கை சாக்பீஸுக்கு, மறு கை முந்தானைக்கு என்று ஆகிவிடும்.

சுடிதார் போட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். அரசு ஊழியர்களுக்கு 2019 அரசாணையே சேலையோடு துப்பட்டாவுடன் சுடிதாரையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. தனியார் பள்ளி தன் விருப்பப்படிதான் நடக்கும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கே இருக்கிற ஆசிரியைகள் எதை உடுத்தியிருக்கிறார்களோ அதுதான் விடை. விடுமுறை என்றால் பள்ளியின் ஆண்டு விழாப் படங்களைப் பாருங்கள். சுடிதார்தான் என்றால் ரேயான் வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டும். லெக்கின்ஸுக்குப் பதில் நேர்வெட்டுப் பருத்திப் பேன்ட். துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் ஊக்கு.

ஐ.டி. அலுவலகம், வங்கி என்றால் சிக்கல் வேறு. அங்கே ஏ.சி.யில் ஈர ஜாக்கெட் முதுகில் பனிக்கட்டியாக ஒட்டும். மற்றபடி மேலே சொன்னதுதான்.

தலை முடி காய்ந்த பிறகே பின்னுங்கள். ஈரப் பின்னல் முதுகில் நீளமாகத் தடம் போடும். கண்ணாடி வளையல் பலகையில் எழுதும்போது கிணுகிணுக்கும், பிள்ளைகள் பாடத்தை விட்டு வளையலைப் பார்ப்பார்கள். கழுத்தில் பவுடர் பூசினால் வியர்வையில் வெள்ளைக் கோடாகத் திரளும். பூ வைக்காதீர்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. மல்லி மலிந்து கிடக்கிற மாதம் இது. நாலு விரற்கடை அளவு, காதுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

முந்தின நாளே முழுதாக உடுத்தி ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சுவரில் உங்கள் உயரத்துக்கு மேல் விரலால் ஒரு வரி எழுதுங்கள். கீழே விழுந்த சாக்பீஸை எடுப்பதுபோல் குனியுங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். அம்மாவையோ தங்கையையோ பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி முதுகைக் காட்டாது. நான் கடையில் இதற்கென்றே சுவரில் ஒரு சிலேட்டை மாட்டி வைத்திருக்கிறேன். அதில் எழுதிக் காட்டாத ஜாக்கெட்டை டெலிவரி கொடுப்பதில்லை.

அன்றைக்கு அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். போனதும் மின்விசிறிக்கு அடியில் நின்று காயுங்கள். முகத்தைத் தேய்க்காமல் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். கைப்பையில் நாலு ஊக்கு, நூல் கோத்த ஊசி, இரண்டு கைக்குட்டை.

வீடு திரும்பியதும் சேலையை மடித்து வைத்துவிடாதீர்கள். நிழலில் கொடியில் போடுங்கள். ஜாக்கெட்டை அன்றே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், அக்குளில் உப்புப் பூத்துவிட்டால் பிறகு போகாது. தாளாளரைப் பார்க்க இரண்டே நாளில் மறுபடி கூப்பிடுவார்கள். அன்றைக்கும் கை கொடுக்கப்போவது ஒருமுறை எழுதிப் பார்த்த இந்த ஜாக்கெட்தான். ஒரே ஜாக்கெட்டா என்று யோசித்தால் சேலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.