ரேஷன் கடையில் கைரேகை விழவில்லையா? வெறும் பையோடு திரும்பாதீர்கள்

எங்கள் மைனி (அண்ணி) இருபது வருடமாகக் குமரி மாவட்டத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறார். முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பல் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். போன வருடம் ஒரு மாதம் ரேஷன் கடையில் நான்கு தடவை விரலை வைத்தார். நான்கு தடவையும் மிஷின் ஏற்கவில்லை. "ரேகை விழலியே அக்கா, நாளைக்கு வாங்க" என்றார் விற்பனையாளர். மறுநாளும் அதே பதில். இரண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

மூன்றாவது நாள் நானும் கூடப் போனேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் தெரிந்துகொண்டதை, முதல் தடவையாக இந்தச் சிக்கலில் மாட்டுபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிஷின் உங்கள் விரலை ஏற்காததால் உங்களுக்கு அரிசி கிடையாது என்று ஆகிவிடாது. அடுத்த வழி இருக்கிறது. அதைக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே கேட்க வேண்டும்.

முதல் படி: தடை எங்கே என்று பாருங்கள்

"விழவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் பல காரணங்கள் இருக்கும். மிஷினின் திரையில் என்ன வந்தது என்று விற்பனையாளரிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

நெட் கிடைக்கவில்லை என்றால் உங்கள் விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் மலையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கொஞ்ச நேரம் கழித்து முயன்றால் போதும். "இந்த மாதம் ஏற்கெனவே வாங்கியாச்சு" என்று வந்தால் வீட்டில் வேறு யாராவது வாங்கினார்களா என்று கேளுங்கள். யாரும் வாங்கவில்லை என்றால் அது புகாருக்குரிய விஷயம், கீழே ஐந்தாவது படிக்குப் போங்கள். கார்டு செயலில் இல்லை என்று வந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில்தான் தீர்வு.

கார்டின் முன்பக்கத்தில் இருக்கும் குறியீட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பங்களுக்கான கார்டு, மாதம் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாத கார்டு, ஆனால் தமிழ்நாட்டில் அதற்கும் அரிசி உண்டு. கடைசியில் எஸ் என்று இருந்தால் அது சர்க்கரைக் கார்டு, அரிசி வராது. என்சி என்று இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது. இந்த எழுத்தைக் கவனிக்காமல் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி: விரலைச் சரியாக வையுங்கள்

ரேகை பொருந்தவில்லை என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. நம் மாவட்டத்தில் கையால் செய்யும் வேலைகள் அதிகம். அண்டி உடைப்பவர்களுக்கு எண்ணெய், ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிப்பவர்களுக்கு ஆசிட், வலை இழுப்பவர்களுக்கு உப்புத்தண்ணீரும் கயிறும், செங்கல் சூளையில் நிற்பவர்களுக்கு மண். கயிறு திரிப்பவர்கள் விரலைத் தொட்டுப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். வயதானவர்களுக்குத் தோல் சுருங்கியே ரேகை மங்கிவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஈரக்கை வேண்டாம், வெடித்துக் காய்ந்த கையும் வேண்டாம். முதல் நாள் இரவு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக் காலையில் கழுவினால் தோல் இளகி இருக்கும். மிஷினின் கண்ணாடியை ஒரு துணியால் துடைக்கச் சொல்லுங்கள். முன்னால் நின்றவரின் வியர்வை அதில் அப்படியே இருக்கும். விரல் நுனியால் குத்தாமல், ரேகையின் நடுச்சுழி கண்ணாடியில் படுகிற மாதிரி தட்டையாக வைத்து, அசையாமல் பிடியுங்கள். ரொம்ப அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

அப்புறம், பெருவிரலையே திரும்பத் திரும்ப வைக்காதீர்கள். ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது, எதை வைத்தாலும் செல்லும். வேலையில் அதிகம் தேயாத விரல் எது என்று யோசியுங்கள். மைனிக்குக் கொட்டையைப் பிடிக்கும் விரல்கள் எல்லாம் போய்விட்டன, இடது கை மோதிர விரலில் மட்டும் கோடு தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தோலின் மேல்படலம் மட்டும் தேய்ந்திருந்தால், வேலைக்குச் சில நாள் போகாமல் இருக்கும்போது ரேகை திரும்ப வளர்ந்துவிடும். அதனால் விடுமுறை முடிகிற நேரத்தில் கடைக்குப் போவது நல்லது. மாதக் கடைசி நாளுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு எளிய வழி: கார்டில் பெயர் உள்ள வேறு யாரும் ரேகை வைக்கலாம், குடும்பத் தலைவர்தான் வர வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளின் ரேகை பொருந்தவில்லை என்றால், 5 வயதிலும் 15 வயதிலும் செய்ய வேண்டிய ஆதார் புதுப்பிப்பை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவது படி: அடுத்த வழியைக் கேளுங்கள்

இங்கேதான் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். தயங்காமல் இப்படிக் கேளுங்கள்: "ரேகை விழலை, சரி. கண் ஸ்கேனர் இருக்கா? இல்லைன்னா ஓடிபி போடுங்க. அதுவும் இல்லைன்னா கார்டை ஸ்கேன் பண்ணிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கோங்க."

கருவிழியைப் படிக்கும் கருவி இப்போது பல கடைகளுக்கு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை நன்றாகத் திறந்து நேராகப் பார்க்க வேண்டும். ஓடிபி என்பது போனுக்கு வரும் ஒருமுறை எண், அதனால் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டுப் பையனிடம் போன் இருந்து அவன் ஓமனில் இருந்தால் அந்த ஓடிபி பயன்படாது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஒரே எண்ணை, கடைக்குப் போகிறவரின் எண்ணைப் பதிந்து வையுங்கள். பொருள் வாங்கியதற்கான குறுஞ்செய்தியும் அதற்குத்தான் வரும்.

இதெல்லாம் விற்பனையாளர் செய்யும் சலுகை இல்லை. ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் ரேகை வைக்கும் முறை பரவலாக வந்தது 2020 அக்டோபரில்தான். மறுக்கக் கூடாது என்ற அறிவுரை அதற்கு முந்தையது. சண்டை போடத் தேவையில்லை, இதை அமைதியாகச் சொன்னாலே போதும். விற்பனையாளரும் பாவம், வரிசையில் நூறு பேர் நிற்க, சுற்றிக்கொண்டே இருக்கும் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்.

மைனிக்கு அன்று மோதிர விரலும் இரண்டு தடவை தவறிவிட்டது. கார்டை ஸ்கேன் செய்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அரிசி போட்டார்கள். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனசு வலிக்கிறது.

நான்காவது படி: ஆதாரைச் சரிசெய்யுங்கள்

மாதாமாதம் இதே கதை என்றால் ஆதாரில் உள்ள பழைய ரேகைதான் காரணமாக இருக்கும். ஆதார் சேவை மையத்தில் பயோமெட்ரிக் புதுப்பிப்பு என்று கேட்டுப் பத்து விரலையும் கண்ணையும் புதிதாகப் பதியுங்கள். கட்டணம் உண்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விரல் புண்ணாக இருக்கும்போது போகாதீர்கள், அந்தப் புண்ணே பதிந்துவிடும்.

சில சமயம் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். மோசடிச் செய்தி கேட்டுப் பயந்து வீட்டில் யாராவது போட்ட பூட்டாக இருக்கும். ஆதார் இணையதளத்தில் அங்கீகார வரலாறு என்ற பகுதியில், எந்த நாளில், எந்த நேரத்தில், ஏன் மறுக்கப்பட்டது என்று தெரியும். 300 என்ற எண் இருந்தால் ரேகை பொருந்தவில்லை, 330 என்றால் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டை அங்கேயே திறக்கலாம். சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

பிஎச்எச், அந்தியோதயா கார்டுகளில் ஒவ்வொரு உறுப்பினரும் கடையில் ரேகை வைத்து இகேஒய்சி, அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு, முடித்திருக்க வேண்டும். யாருக்கு நிலுவை என்று விற்பனையாளர் பார்த்துச் சொல்வார்.

ஐந்தாவது படி: புகார்

கடையிலேயே தீராவிட்டால் 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கார்டு எண், கடை எண், போன தேதி, நேரம், அங்கே என்ன சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். நேரில் போவதென்றால் உங்கள் வட்டத்தின் வட்ட வழங்கல் அலுவலர்: கல்குளத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி, அகஸ்தீஸ்வரத்துக்கு நாகர்கோவில். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பொதுவிநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். எந்த ஊரில் என்று நாளிதழில் வரும். பெயர் திருத்தம், கைபேசி எண் மாற்றம் போன்றவற்றை அங்கேயே கொடுக்கலாம்.

கடைக்கே வர முடியாதவர்களுக்கு

படுக்கையில் இருப்பவர்களை ஆட்டோவில் தூக்கி வந்து விரல் வைக்கச் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் பதில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையில் கேட்டு, நிரப்பி, வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கியது. தொடங்கியபோது வயது வரம்பு 70. உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

பாறசாலை, திருவனந்தபுரம் பக்கம் வாடகைக்குத் தங்கி வேலை பார்ப்பவர்கள் பிஎச்எச் அல்லது அந்தியோதயா கார்டு வைத்திருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் கேரளக் கடையிலேயே தானியம் வாங்கலாம். நம் ஊர்த் துவரம்பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது.

மைனி ஆதாரைப் புதுப்பித்துவிட்டார். அடுத்த மாதம் மோதிர விரல் முதல் தடவையிலேயே விழுந்தது. மறக்காமல் இருக்க, கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார்: "இடது கை, மோதிர விரல்." மைனிக்குப் பதில் யார் பையை எடுத்துக்கொண்டு கூடப் போனாலும், அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.