தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? ஒரு வாளி, ஒரு தெர்மாமீட்டர், ஒரு மின்விசிறி

நீச்சல்குளத்துப் படியில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் தண்ணீரில் விட்டு, "அப்பா, ஐஸ் மாதிரி இருக்கு!" என்று வெடுக்கென இழுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. புதிதாக நீச்சல் பழக வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். காற்று 28 டிகிரி, தண்ணீரும் 28 டிகிரி. காற்றில் சுகமாகத்தான் நிற்கிறீர்கள். தண்ணீரில் மட்டும் ஏன் உதறுகிறது?

பதிலை நானே சொல்லிவிடலாம். ஆனால் கையால் தொட்டுக் கண்டுபிடித்தால் மறக்காது, தண்ணீரில் இறங்கும் பயமும் பாதி போய்விடும். வேண்டியவை: மூடியுள்ள வாளி, மூன்று பாத்திரங்கள், ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு மரப்பலகை, மின்விசிறி, அறை வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது ஏறக்குறைய 35 டிகிரிக்குக் கீழே எதையும் காட்டாது.

முதல் படி: வாளியை ஓர் இரவு விட்டு வையுங்கள்

வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மூடி போட்டு, அறைக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடி அவசியம். திறந்து வைத்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, அறையைவிடக் குளிர்ந்துவிடும். தட்டையும் பலகையையும் பக்கத்திலேயே வையுங்கள்.

காலையில் முதலில் காற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு, அளவு நிலைக்கும்வரை காத்திருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இப்போது கையை விடுங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும். தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை, உங்கள் கையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: தட்டும் பலகையும்

ஒரு கையைத் தட்டின் மேலும் மறு கையைப் பலகையின் மேலும் வையுங்கள். இரவெல்லாம் ஒரே அறையில் இருந்தவை, ஒரே வெப்பநிலை. ஆனால் தட்டுதான் குளிரும். உங்கள் கை அதைவிடச் சூடு. அந்தச் சூட்டை எவர்சில்வர் வேகமாக உறிஞ்சி அந்தப் பக்கம் கடத்துகிறது, மரம் மெதுவாகக் கடத்துகிறது. தோல் உணர்வது எதிரில் இருக்கிற பொருளின் வெப்பநிலையை அல்ல. தன்னுடைய சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அது முக்கியமாக உணர்கிறது.

தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பதும் இதே கதைதான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஒரு லிட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்க ஒரு ஜூலுக்கு (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு) சற்று மேல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கோ ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். நிறையச் சூட்டைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், தான் எளிதில் சூடேறாது. உங்கள் தோல் சுமார் 33 டிகிரியில் இருக்கிறது, உள்ளுடல் 37. அப்படியென்றால் 28 டிகிரித் தண்ணீர் உங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். உடம்பை அசைக்காமல் கிடந்தும் குளிராமல் இருக்க, தண்ணீர் ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கையை அசைக்காதீர்கள், பிறகு அசையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வாளியில் முழங்கை வரை கையை விட்டு, ஒரு நிமிடம் விரலைக்கூட ஆட்டாமல் வையுங்கள். குளிர் மெல்ல மெல்லக் குறையும். பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். இப்போது கையை ஒரே ஒரு சுற்று சுழற்றுங்கள். சில்லென்று மறுபடியும் வந்துவிடும்!

அசையாமல் இருந்தபோது, தோலை ஒட்டிய மெல்லிய தண்ணீர்ப் படலம் உங்கள் சூட்டால் இளஞ்சூடாகியிருந்தது. அதுவே ஒரு போர்வை. சுழற்றியதும் போர்வை கலைந்துபோய், புதுத் தண்ணீர் தோலைத் தொட்டது. நீந்தும்போது ஒவ்வொரு கைவீச்சிலும் இதுதான் நடக்கிறது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பராலான நீச்சல் உடை வேலை செய்வதும் இதனால்தான். அந்த ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீரும் வெளியேறாமல் தங்கிச் சூடாகிவிடும். தொளதொளவென்று போட்டால் அந்தத் தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருக்கும், பலன் இருக்காது.

அசைந்தால் குளிர் கூடும் என்றால் நீந்துகிறவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? வேலை செய்யும் தசை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. அதனால்தான் போட்டிக் குளங்களின் தண்ணீரை 25 முதல் 28 டிகிரி வரை வைக்கிறார்கள். வேகமாக நீந்துகிறவருக்கு அது சரியாக இருக்கும். படியோரம் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு உதறும். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போய்விடும். அவர்களைத் தண்ணீரில் சும்மா நிற்க வைக்காதீர்கள்.

நான்காம் படி: மூன்று பாத்திரம்

ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்றில் 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீர், நடுவில் வாளித் தண்ணீர். ஒரு கையைக் குளிரிலும் மறு கையைச் சூட்டிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விடுங்கள். ஒரு கைக்கு வெதுவெதுப்பு, மறு கைக்குக் குளிர். தண்ணீர் ஒன்றேதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். குளிரை அறியும் நரம்பு முனைகள் மாற்றத்துக்குத்தான் அதிகம் துடிக்கும், பிறகு அடங்கும். குளத்தில் முதல் இரண்டு நிமிடம் படுத்தி எடுத்து, அப்புறம் "பரவாயில்லையே" என்று தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் படி: ஈரக்கையும் மின்விசிறியும்

ஒரு கையை நனைத்து, இரண்டு கைகளையும் மின்விசிறிக்கு நேரே நீட்டுங்கள். ஈரக்கை குளிரும். ஒரு கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும், அதில் பெரும்பகுதியை உங்கள் தோல்தான் கொடுக்கிறது. குளத்தைவிட்டு ஏறியதும் காற்றில் நடுங்குவது இதனால்தான்.

ஆறாம் படி: இனி குளத்தில்

இறங்குவதற்கு முன் கை, கால், பின்கழுத்து, முகம் எல்லாவற்றையும் நனையுங்கள். மெதுவாக மார்பு வரை இறங்கி, வாயால் நீளமாக மூச்சை விடுங்கள். உள்ளிழுப்பது தானாக நடக்கும், விடுவதில்தான் கவனம் வேண்டும். மூச்சு சீராகும்வரை நீந்தத் தொடங்காதீர்கள்.

ஆறு, ஏரி, கடல் என்றால் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த தண்ணீரில், குறிப்பாக 15 டிகிரிக்குக் கீழே, திடீரென்று குதித்தால் நீங்கள் வேண்டாமென்றாலும் மூச்சு ஹக்கென்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் குதிக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

எப்போது ஏற வேண்டும்? விரல்களைச் சேர்த்து வைக்க முயன்றும் அவை விரிந்தே நின்றால், நடுக்கம் அடங்கவில்லை என்றால், பேச்சு குழறினால் உடனே ஏறிவிடுங்கள். நனைந்த உடையைக் கழற்றி, தலையையும் துவட்டி, உலர்ந்த உடையை அடுக்கடுக்காகப் போடுங்கள். வெளியே வந்த பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளுடல் குளிர்ந்துகொண்டே போகலாம், நடுக்கம் அப்போதுதான் அதிகமாகும். அது முழுதாக நிற்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.